உச்சிப்புளியில் மழை, எண்பத்தேழில் ஒன்று

புரட்டாசி வெக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு
மழை செய்கிறேன்.
அளவு எண்பத்தேழில் ஒன்று.
உச்சிப்புளி ஸ்டேஷன்,
ஒரு கட்டில் பலகையின் நீளத்துக்கு.

பகலில் மண்டபத்தில் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற வேலை.
டப்பா அடியில் மிஞ்சும் ரெசினை
முதலாளி கணக்குக் கேட்பதில்லை.
முதல் குட்டையை அதில்தான் ஊற்றினேன்.
தெர்மாகோலைத் தின்றபடி இறங்கி
அடிப்பலகையைத் தொட்டுவிட்டது.
இந்தச் சீமையில் எந்த ஆழ்துளையும்
இவ்வளவு சுலபமாக இறங்கியதில்லை.

பிளைவுட்டுக்கு மாறினேன்.
ஹார்ட்னர் ஒரு சொட்டு கூடிப்போய்
குட்டை கொதித்து, மஞ்சளித்து,
சித்திரைக் கண்மாய் மாதிரி நடுவில் வெடித்தது.

நிஜத் தண்ணீரையே தெளிக்கலாமே என்கிறார்கள்.
தெளித்தாயிற்று.
தண்ணீருக்குச் சிறியதாக இருக்கத் தெரியாது.
இந்த ஊரில் ஒரு துளி ஒரு பரங்கிக்காய்.
குடை பிடித்த மனிதர் மேல் ஏறி
உருண்டு உட்கார்ந்துகொண்டது, வழியாமல்.
அவரும் அசையவில்லை.

பெய்கிற மழைக்குத் தங்கூசி நரம்பு கட்டிப் பார்த்தேன்,
கூரையிலிருந்து தரைவரை, நெருக்கமாக, கொஞ்சம் சாய்த்து.
காலையில் எழுந்து பார்த்தால்
பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாரும்
கம்பி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
அறுத்துப் போட்டேன்.

பிறகு எல்லாவற்றுக்கும் வார்னிஷ்.
ஸ்டேஷன் அல்வாத் தட்டாய் மின்னியது.

ஈரத்தைக் கற்க வேறு வழியில்லாமல்
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வரும் தண்ணி லாரியின்
ஒழுகும் குழாய்க்குப் பின்னால் நடந்தேன்.
முதலில் மண் கறுக்கிறது.
மினுக்கம் பள்ளத்தில் மட்டும்தான்.
சிமென்ட் விளிம்பில் ஈரம் மேல்நோக்கி ஏறுகிறது, ஒரு விரற்கடை.
குடத்தோடு நின்ற பெண்கள்
என்ன தொலைத்தாய் என்று கேட்டார்கள்.

பனைகளுக்குக் கொண்டல் பக்கம் மட்டும் கறுப்பு பூசினேன்.
மேற்குப் பக்கம் சாம்பலாகவே இருக்கட்டும்.
ஜல்லிக்கு நீர்த்த மை. உப்பேறிய தண்டவாளத்துக்குச் செங்காவி,
சக்கரம் ஓடும் தலைப்பில் மட்டும் வெள்ளி.
மதுரைப் பாசஞ்சர் முன்விளக்கைப் போட்டால்
வெளிச்சம் தண்டவாளத்தில் கோடாய் நீண்டு
என் முழங்கை வரை வருகிறது.

இபுராம்சா ஷேர் ஆட்டோவை வெளியே போட்டுவிட்டு
சாவியைச் சுழற்றியபடி குனிந்து பார்த்தான்.
"எல்லாம் நனைஞ்சிருக்கு. மழைதான் பெய்யல."
"பின்னே?"
"காஞ்ச எடம் ஒண்ணாவது வேணும்ல.
பெஞ்சுக்கு அடியில. ஆட்டுக்கு அடியில.
ஏன் ஆட்டோவுக்கு அடியிலகூட
மழை பெய்றதில்லப்பா."

அவன் போன பிறகு
உப்புத்தாளை எடுத்தேன்.
பெஞ்சுக்கு அடியில் சுரண்டினேன். ஆட்டுக்கு அடியில்.
கை நிற்கவில்லை.
ஸ்டேஷனுக்கு வெளியே, புளியமரம் தாண்டி,
எதுவுமே நிற்காத இடத்தில்
வெளிறிய மண் தெரியும்வரை ஒரு செவ்வகம்.
நாலு சென்டிமீட்டர் நீளம். ஒரு குட்டியானை நின்ற அளவு.

அதில் ஒரு கட்டில், கிரைண்டர்,
கவிழ்த்துவைத்த தையல் மெஷின்.
தார்ப்பாயின் ஒரு முனையை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு
மெர்சலின்.
இவை எதையும் செய்யவில்லை.
செய்தால் வண்டியையும் செய்யவேண்டும்.
வண்டிதான் கிளம்பிவிட்டதே.

பார்க்க வருகிறவர்கள்
அங்கே பெயின்ட் விட்டுப்போச்சு என்று காட்டுகிறார்கள்.
ஆமாம் என்கிறேன்.

அன்றைக்கு அந்தக் காய்ந்த இடம்
ரெண்டு நிமிஷம் தாங்கியிருக்கும்.
ஒரு புள்ளி விழுந்தது. பிறகு நாலு.
பிறகு அது ரோடு.

இப்போது கடைசிக் குட்டை இறுகிக்கொண்டிருக்கிறது.
தூசி விழுமென்று ஃபேனை நிறுத்திவிட்டேன்.
வேர்வை புருவத்தில் திரண்டு
செவ்வகத்துக்கு நேர் மேலே தொங்க,
முகத்தைச் சட்டென்று
இழுத்துக்கொண்டேன்.