பிறழாத சாட்சி

விரிசலின் குறுக்கே அப்புகிற பிளாஸ்டர் பட்டைக்கு
லொரேனில் சாட்சி என்று பேர்.
ஆணியால் அதன்மேல் தேதி கீறுவேன்.
சுவர் அசைந்தால் அது உடையும்,
அவ்வளவுதான் அதன் வேலை.
நீதிமன்றத்துச் சாட்சிகளைப்போல் பிறழத் தெரியாது.

சனிக்கிழமை மாலை நான்கரைக்கு
சாந்த் ஓடில் சுரங்கக் குடியிருப்பில்
எண்பத்தாறு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடைந்தன.

இடி என்றுதான் நினைத்தார்களாம்.
இடி காலுக்குக் கீழே இருந்தது.
பேக்கரியில் தட்டோடு சரிந்தது ரொட்டி.
மணிக்கூண்டுக் கல் ஒன்று விழுந்து
ஓப்பெல் காரின் கூரை மடங்கியது.
மாதா கோயிலில் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள்
குழந்தையை ஈரத்தலையோடு
தெருவுக்குத் தூக்கி ஓடினார்கள்.

திங்கட்கிழமை கம்பெனியின் கடிதம்.
நிலநடுக்கம் என்ற சொல்லே அதில் இல்லை.
பாறை தன் இறுக்கத்தைத் தளர்த்திக்கொண்டதாம்,
ஏதோ விருந்து முடிந்து
பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டதுபோல.

பதினேழாம் எண் வீடு. இதிர் கதவைத் திறந்தார்,
தோளால் ஒரு முட்டு கொடுத்து.
படிவத்தை வாசித்தேன்:
விரிசல் பழையதா, புதியதா?
காரணம் தெரியுமா?
"தெரியும்," என்றார். "நான்தான்."

இருபத்திரண்டு வருஷம்
எண்ணூறு மீட்டர் ஆழத்தில்,
இந்த அடுப்படிக்கு நேர் கீழே,
நிலக்கரி வெட்டியிருக்கிறார்.
அந்தச் சம்பளத்தில்தான் இந்த அடுப்படி.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'மற்றவை' என்று ஒன்று இருந்தது,
இரண்டு விரல் அகலத்துக்கு.

பக்கத்து வீட்டு மதாம் ஷ்வாலர்
'சுரங்கத்தை மூடு' என்று எழுதிய பலகையை
வேலியில் சாய்த்து உலரவைத்திருந்தார்.
அதை உரசிக்கொண்டு அவர் மகன்
இரவு ஷிஃப்டுக்குப் புறப்பட்டான்,
ஜாக்கெட்டில் சிவப்புப் பெயிண்டோடு.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
மொழிபெயர்க்கவில்லை.
பூமியே பொறுக்காவிட்டால் என்று
அவர் திருப்பிக் கேட்டால்?

நடைவழிச் சுவருக்கு வந்தபோது
"இங்கே வேண்டாம்," என்று தடுத்தார் இத்தோ.
கதவுநிலையை ஒட்டிப் பென்சில் கோடுகள்.
மகனுக்கு ஐந்து வயது, ஆறு, ஏழு.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
கிடையாக ஓடியிருந்தது விரிசல்.
அளந்தேன்.
லீல் நகரத்தில் இப்போது பஸ் ஓட்டுகிற மகன்
எட்டு வயதில்
நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தான்.

இத்தோவுக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்தார்,
அங்கேயே நின்றுவிட்டார்.

பிளாஸ்டரைக் குழைத்துவிட்டிருந்தேன்.
ஏழு நிமிஷம் தாங்கும்.
புதிய உயரத்தைக் குறிக்க வேண்டுமாம்,
இதிர் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து
பென்சில் தேடிக்கொண்டிருந்தார்.
கிண்ணத்தில் அது
இறுகத் தொடங்கியது.