பதினோராவது கேள்வி

ஜெலுத்தோங் சாலை மருந்தகம்.
மதியம் இரண்டு மணி, மழை வரப்போகிறது.
பல்கலைக்கழகத்துப் பெண் வைத்துவிட்டுப் போன
நான்கு பக்கத் தாள்
இருமல் மருந்துகளுக்கு நடுவே.
பெயர் வேண்டாம் என்கிறது முதல் வரி.
அனுபவம் எத்தனை ஆண்டு என்கிறது அடுத்தது.
பதினான்கு என்று எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாகவே.

முதல் பத்தும் கைக்குப் பழகியவை.
எந்த மாத்திரை இரவில் மட்டும், எது எந்நேரமும்.
தசை வலி என்று யாராவது வந்தால்
சிறுநீரின் நிறத்தைக் கேட்க வேண்டும்.
பம்பளிமாஸ் பழத்தோடு எது ஒத்துப்போகாது:
இதை மூன்று மொழிகளில் சொல்வேன்,
ஹொக்கியனில் சொல்லும்போது மட்டும்
இரண்டு கையாலும் பழத்தைக் காட்டிவிடுவேன்.

பதினொன்று:
மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்குக்
கெட்ட கொழுப்பு எந்த எண்ணுக்குக் கீழே இறங்க வேண்டும்?
நான்கு கட்டங்கள்.
யோசிக்க என்ன இருக்கிறது?
ஒன்று புள்ளி எட்டு.
டிக்.

இருபது: நோயாளிக்கு ஆலோசனை சொல்வதில்
உங்கள் தன்னம்பிக்கை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
ஐந்து. டிக்.
மை காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழையில் ஆள் வரமாட்டார்கள்.
பிரிண்டருக்கு முட்டுக் கொடுத்திருந்த
வழிகாட்டி நூலை உருவினேன்,
சும்மா, என் மார்க்கை நானே பார்க்க.
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
பிரிண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
அட்டவணையில்
ஒன்று புள்ளி நான்கு.

எட்டுக்கும் நான்குக்கும் இடையில்
சவரிமுத்து உட்கார்ந்திருக்கிறார்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
சீனப் புத்தாண்டு முடிந்த வாரம்
ரத்தப் பரிசோதனைத் தாளை என்முன் விரித்து
"ஒன்று புள்ளி ஏழு, மிஸ். பாஸா?" என்றார்.
பாஸ் என்றேன்.
சிவப்புப் பேனாவால் எண்ணைச் சுற்றி
ஒரு வட்டமும் போட்டுக் கொடுத்தேன்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பதாகப் பிறகு சொன்னார்.

அந்தப் பெண்ணின் ஆய்வறிக்கையில்
நான் ஏதோ ஒரு சதவீதத்துக்குள் போய்விடுவேன்.
யார் என்று தெரியாது, தப்பித்தேன்.
சதவீதத்துக்குக் குளிர்பெட்டி கிடையாது.

தொலைபேசியை எடுத்தேன்.
"அங்கிள், அன்னைக்கு நான் சொன்ன எண் பழசு."
அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ அழுகிறார்கள்.
"பந்து உள்ள போன பிறகு
கோல் கம்பத்தை நகர்த்துறீங்களே, மிஸ்."
"கம்பம் முன்னாடியே நகர்ந்திருச்சு, அங்கிள்.
நான்தான் பார்க்கல."
"அப்ப இன்னொரு மாத்திரையா? எத்தனை வெள்ளி?"
டாக்டர்தான் முடிவு செய்யணும்,
கடிதம் தருகிறேன் என்றேன்.
டாக்டர் ஊய் என் கடிதங்களை
எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியும்.
இருந்தும் அடித்தேன், பக்க எண் போட்டு.
சாய்ந்த பிரிண்டரில் ஓரம் கோணலாக வந்தது.

வைப்பதற்குமுன் கேட்டார்:
"வட்டத்தை என்ன செய்யட்டும்?"
எந்த வட்டம் என்று கேட்டுவிட்டேன்,
தெரிந்துகொண்டே.

ஐந்து மணிக்கு அந்தப் பெண் நனைந்து வந்தாள்.
இருபதில் ஐந்தை அடித்து மூன்றாக்கியிருந்தேன்.
பதினொன்றைத் தொடவில்லை,
பார்த்து எழுதினால் அவள் கணக்கு பொய்யாகிவிடும்.
புரட்டிப் பார்த்தாள்.
"ஒண்ணுகூட விடாம நிரப்பியிருக்கீங்க, நன்றி மிஸ்."
தன் தலை சொட்டச் சொட்ட
தாளை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு
இரண்டு முறை முடிச்சிட்டாள்.