நாலாவது பிரதி

வெலிங்டன் பாரக்ஸ் கடைத்தெருவில்
சலூனுக்கும் தையல்கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் தட்டச்சு நிலையம்.
ஸ்டாஃப் காலேஜ் மேஜர்கள் கொண்டுவருவார்கள்
பச்சை மையில் கிறுக்கிய போர்களை.
பக்கம் ஒன்றரை ரூபாய்.
கார்பன் வைத்தால் இரண்டேகால்.

இந்த நவம்பரில் மேஜர் லால்ரின்சங்கா தந்தது
ரோமப் படைகள் தம் தளபதிகள்மேல் திரும்பிய கதை.
காலைக்குள் வேண்டும், நாலு பிரதி.

கரண்ட் போயிற்று. மெழுகுவத்தி.
என் மெஷினுக்குக் கரண்ட் தேவையில்லை.

ஆற்றங்கரைப் பாசறை ஒன்றில்
முப்பது வருஷம் மூட்டை சுமந்தவர்கள்
முத்தமிடப் பிடிப்பதுபோல் தளபதியின் கையைப் பிடித்து
வாய்க்குள் திணித்துக்கொள்கிறார்கள்:
தடவிப் பாருங்கள், ஒரு பல் இருக்கிறதா?
இன்னொரு பாசறையில் நூற்றுவர் தலைவன் ஒருவனுக்கு
'இன்னொன்று கொண்டா' என்று பட்டப்பெயர்.
வீரன் முதுகில் பிரம்பு ஒடிந்ததும்
அதைத்தான் கேட்பானாம்.
தனியாகச் சிரித்துவிட்டேன்.
ஹெதர்டேல் எஸ்டேட்டில், தராசடியில்,
எங்கள் கண்டக்டருக்குப் பெயர் 'பத்தாது'.

தளபதி கத்தியை உருவி
குத்திக்கொண்டு சாகப்போகிறேன் என்கிறான்.
கூட்டத்தில் ஒருவன் தன்னுடையதை நீட்டுகிறான்:
இதை வைத்துக்கொள்ளுங்கள், இது இன்னும் கூர்.

பிறகு ஒரு கடிதம் வாசிக்கிறார்கள்,
கேட்டதெல்லாம் கொடுத்ததாக, பேரரசன் பெயரில்.
பொய்க் கடிதம்.
வீரர்களுக்குச் சந்தேகம் வந்ததாம்.
வராமல் என்ன?
கடிதம் என்றாலே
யாரோ ஒருத்தி ராத்திரியில் அடித்துக்கொடுத்ததுதானே.

பதினோராம் பக்கம்.

கலகம் அடங்கியதற்கு மேலிடத்துக்குச் சாட்சி வேண்டும்.
கொஞ்சம் பேருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி
ஓர் இரவைக் குறிக்கிறார்கள்.
பகலில் ஒரே சட்டியில் தின்றவர்கள்
இரவில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள்
படுத்த இடத்திலேயே...

அந்த வரியில் விரல் நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்
போனஸ் கேட்டுக் கொழுந்துக் கூடைகளை
தொழிற்சாலை வாசலில் கவிழ்த்த வாரம்
ஹெதர்டேல் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது.
வேலைநீக்கம். பதினேழு பெயர். நாலு பிரதி.
ஒன்பதாவது, செபமாலை.
அன்று மதியம்தான்
அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில்
நான் சோறு பிசைந்திருந்தேன்.
மஞ்சள் நகக்கண்ணில் இன்னும் இருந்தது.
என் மெஷினில் எஸ் விசை சிக்கும்.
அவள் பெயருக்குச் சிக்கவில்லை.
ஒரு பிழை இல்லை என்று ரைட்டர் மெச்சினார்.
ஒன்பது ரூபாய். சில்லறையாக.

காட்டிக்கொடுத்தது யார் என்று
லயத்தில் இன்னும் பேசுகிறார்கள்.
கண்டக்டர் என்கிறார்கள், யூனியன்காரனே என்கிறார்கள்.
என்னை யாரும் சொல்வதில்லை.
செபமாலை திருப்பூரில் பனியன் மடிக்கிறாள்.
கிறிஸ்துமஸ் கார்டு போடுகிறாள்,
என் பெயரைத் தப்பாக எழுதி.

கார்பனில் ஒரு விசேஷம்:
கீழே போகப்போக எழுத்து மங்கும்.
முதல் தாளில் அழுத்தமாகச் செத்தவர்கள்
நாலாவதில் தூங்குகிறவர்கள் மாதிரி இருப்பார்கள்.
ஆபீசுக்கு முதல் பிரதி.
வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது நாலாவது.

அருவங்காடு வெடிமருந்து ஃபாக்டரி சங்கு ஊதியது.
மேஜர் மழைக்கோட்டோடு வந்தார்.
நின்றபடியே புரட்டினார்.
பதினொன்றில் விரல் வைத்தார்.

"இங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது."

ரிப்பன் தீர்ந்துவிட்டது சார் என்றேன்.
அடுத்த வரி கறுப்பாகத்தான் இருந்தது.
அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.
சின்ன வயதில் எங்கள் கிராமத்தையும்
ஒரு நாள் பட்டியல் போட்டார்கள் என்றார்,
வானிலை சொல்வதுபோல்.

பிறகு பேனாவைத் திறந்து
நாலு பிரதியிலும், ஒவ்வொன்றாக,
அதே பச்சை மையில்
அந்த வரியை எழுதினார்.
நாலிலும் ஒரே அழுத்தம்.