சிறு பணிச் சான்றிதழ்

"வாசல் விளக்கு ஒன்றுதான்," என்றார் ட்ரெஃபோர் பியூ.
வீட்டை வாங்குகிறவரின் வக்கீல்
அதற்கும் காகிதம் கேட்கிறாராம்.
"பத்தொன்பது வருஷமாக எரிகிறது.
ஒரு கையெழுத்துக்கு எண்பத்தைந்து பவுண்டா?"

பெத்தெஸ்டாவில் அது மழை என்று யாரும் ஒத்துக்கொள்ளாத மழை.
ஸ்லேட் கூரைகள் கறுத்து மினுங்கின.
ஏணியை வேனிலிருந்து இறக்காமலே சொன்னேன்:
இந்தப் படிவத்தில் கையெழுத்து ஒன்று,
அது பேசுவது மூன்று.
திட்டமிட்டது நான்,
பொருத்தியது நான்,
சோதித்ததும் நான்.
உங்கள் கைவேலைக்கு என் பெயரை எப்படிப் போடுவது?
பஸ் ஓட்டிய நாளில்
டிக்கெட் இல்லாதவரை இறக்கிவிட்டவர்தானே நீங்கள்.

அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.

சோதிக்கும் கருவியை முதலில் சோதிக்க வேண்டும்.
மின்சாரம் உண்டென்று தெரிந்த இடத்தில் ஒரு தடவை,
இல்லை என்று நம்புகிற இடத்தில் ஒரு தடவை,
மறுபடி, உண்டென்று தெரிந்த இடத்தில்.
நடுவில் கருவி செத்திருந்தால்
அது சொன்ன "இல்லை"க்கு அர்த்தமில்லை.

ஸ்விட்சை அணைத்தேன். விளக்கும்
நல்ல பிள்ளையாய் அணைந்தது.
ஹோல்டருக்குள் முனையை வைத்ததும்
கருவி சிவந்து கத்தியது.

ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடந்தன.
பல்புக்கு அதெல்லாம் தெரியாது,
எந்த வழியில் வந்தாலும் எரியும்.
ஸ்விட்ச் வெட்டியது திரும்பிப் போகும் பாதையை.
வருகிற பாதை திறந்தே இருந்தது,
இருண்ட கிண்ணத்தின் அடியில்,
இருநூற்று முப்பது வோல்ட்.

"அணைத்துவிட்டுத்தான் பல்பு மாற்றுவேன்."
சரி.
"சமையலறை நாற்காலியில் ஏறி."
சரி.
"நவம்பரில், கை ஈரமாக."
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.
குண்டு பல்புகள் வருஷத்துக்கு இரண்டு,
பிறகு சுருள் பல்பு, அது கொஞ்ச நாள் தாங்கியது,
பிறகு...
ஏழாவது விரலில் நின்று
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெயினை இறக்கிப் பூட்டினேன், சாவி என் பையில்.
ஃப்ரிட்ஜ் நின்றது.
ஒரு வீடு இவ்வளவு சத்தம் போடும் என்பது
நின்ற பிறகுதான் தெரிகிறது.
கம்பிகளை அவிழ்த்தேன், புதிய ஹோல்டர், புதிய ஸ்விட்ச்.
எர்த் தொடர்ச்சி பாயிண்ட் நாலு ஒன்று ஓம்.
இன்சுலேஷன் இருநூறு மெகா ஓமுக்கு மேல்.
துருவநிலை சரி. இந்தத் தடவை சரி.
மெயினை ஏற்றி, பழுது வந்ததுபோல் நடித்துக் காட்டினால்
இருபத்துநாலு மில்லி செகண்டில் அறுத்துக்கொள்கிறது.
கண் இமைப்பதற்கு அதைவிட நேரமாகும்.

குறிப்புகள் என்றொரு கட்டம், மூன்று வரி இடம்.
தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.
"நான் செய்ததென்று எழுதுவாயா, ஹெலெத்?"
படிவத்துக்கு ஆள் வேண்டாம், செயப்பாட்டு வினை போதும்:
மாற்றி இணைக்கப்பட்டிருந்தது.
சரிசெய்யப்பட்டது.
கையெழுத்தில் மட்டும் எழுவாய் வரும்.

எண்பத்தைந்தை எண்ணி வைத்தார், பேரம் இல்லை.
டீ ஒன்று போட்டுத் தந்தார், சர்க்கரை கேட்காமலே மூன்று கரண்டி.

வேனைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன்.
பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்தது.
அணைந்தது.
எரிந்தது.
அணைந்தபின் வெகுநேரம் எரியவில்லை.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
அவர் வெளியே வந்தார்.