இதர வருமானம்

ஜூலை முப்பத்தொன்று, மாலை நாலு மணி.
ஊட்டி சேரிங் கிராஸில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஆடிட்டர் கோயம்புத்தூரில்.
இங்கே நானும் ஒரு ஹீட்டரும்;
அதற்கு இரண்டு கம்பியில் ஒன்றுதான் சிவக்கும்.

யோவேல் உட்கார மறுத்தான்.
பேண்ட்டெல்லாம் மண்ணு, நாற்காலி பாழாயிடும் என்றான்.
நின்றபடியே நீட்டினான்
உரக்கடை இலவசமாய்க் கொடுத்த டைரியை.

ரசீது இல்லை, பில் இல்லை.
"எல்லநள்ளி சரிவு, ஆறு பேர், எண்ணூறு."
"பனி. விரல் மரத்துப்போச்சு. எண்ணூறு."
"லாரி வரலை. டீ மட்டும்."
"செமஸ்டர்" என்று எழுதிப் பன்னிரண்டு நாள் வெள்ளை.

ராத்திரி ஒரு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
கேத்தி பாலாடாவில் கேரட் பிடுங்கி,
மிஷினில் கழுவி, மூட்டை தைத்து,
மேட்டுப்பாளையம் லாரி கிளம்பியதும்
முதல் பஸ்ஸில் காலேஜ்.

"விவசாயத்துக்கு வரி கிடையாதுன்னாங்களே, அக்கா?"
கிடையாதுதான்.
"நிலம் உன்னோடதா?"
சிரித்தான். கொஞ்சம் அதிக நேரம் சிரித்தான்.
விளைவித்து விற்றவருக்கு அந்தச் சலுகை.
பிடுங்கியவனுக்குக் கட்டம் வேறு.
என்ன தொழில் என்று கேட்கும் பட்டியலை
மேலிருந்து கீழே இருமுறை உருட்டினேன்.
சினிமாக்காரர் இருக்கிறார், விளையாட்டு வீரர் இருக்கிறார்.
கடைசியில் 'இதர'.

நான் பேனாவால் கூட்டினேன், அவன் போனில் கூட்டினான்.
நாற்பது ரூபாய் இடித்தது.
இன்னொரு முறை.
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துச் சொச்சம்.
வரி: பூஜ்யம்.

முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு.
"அத்தனை ராத்திரிக்கும் சைபரா?"
நல்ல செய்திதான் அது என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது.
போன மே மாதம் ஒரு ரிசார்ட்டில்
கேம்ப் ஃபயர் மூட்டிய நாட்களுக்கு
ஆயிரத்து இருநூறு பிடித்து
அவன் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்கள்.
யாரோ தன் பேரை எங்கோ எழுதிவைத்திருப்பதை
திரையில் தொட்டுப் பார்த்தான்.
"திரும்ப வருமா?"
தாக்கல் செய்தால் வரும்.

ஓடிபி அவன் அம்மா போனுக்குப் போயிற்று.
அம்மா தேயிலை ஃபேக்டரியில், சிக்னல் இல்லை.
வாட்ச்மேனைக் கூப்பிட்டு, வாட்ச்மேன் போய்க் கூப்பிட்டு,
தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறி நின்று
கனகமணி அம்மா மூச்சிரைக்க வாசித்தார்:
ஏழு... ஒண்ணு... நடுவில் மழை பேசியது.
நாலா, ஏழா?
நேரம் முடிந்தது.
மறுபடி.
மூன்றாவது தடவை உள்ளே போனது.

முந்நூறு கொடுத்தான், ஈரமான நோட்டு.
ஹீட்டர் முன்னால் காட்டி டிராயரில் போட்டேன்.
கதவருகே திரும்பிக் கேட்டான்:
"நீங்க எப்பக்கா தாக்கல் பண்ணுவீங்க?"

எனக்குச் சம்பளம் கவரில் வருகிறது.
கவர்மேல் பேர்கூட இல்லை.
மூன்று வருஷமாய் ஊர்க் கணக்கெல்லாம் என் விரலில்;
என் கணக்கு யார் நோட்டிலும் இல்லை.

ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்குமுன்
ஜெராக்ஸ்காரர் வீணாக்கிய தாளொன்றின் முதுகில்
எழுதத் தொடங்கினேன்:
ஏப்ரல். கவர். ஒன்பதாயிரம்.
மே. சீசன் கூட்டம். அதே ஒன்பதாயிரம்.
ஜூன். ஹீட்டர் வாங்கித் தந்தார்,
ஐந்நூறு குறைத்து.