ஆறு ஓம்

வவுனியாக் கடையில் நஸ்றுதீன் முதலில் கேட்டது:
“பாஸ் நல்லா அடிக்கோணுமோ?”
வேண்டாம் என்றேன்.
ஆள் என்னை ஒருதரம், சுவரில் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒருதரம் பார்த்தார்.
பாஸ் வேண்டாமென்று ஒரு சனமும்
இதுவரை அந்தப் படி ஏறியதில்லையாம்.

என் தொழில் மோட்டர் கட்டுறது.
ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து நாலாவது கடை.
எரிந்த கொயிலை அறுத்து, சுற்றுகளை எண்ணி,
அத்தனையையும் திரும்பச் சுற்றுவது.
இப்போது ஆட்கள் மோட்டரைக் கொண்டு வருவதில்லை,
சத்தத்தை அனுப்புகிறார்கள்.
“அக்கா, இதைக் கேளுங்கோ, என்ன பிழை?”
நாற்பது செக்கன், கிணற்றடியில் பிடித்தது.
ஃபோனில் கேட்டால் எல்லா மோட்டரும்
தகரப் பேணிக்குள் விழுந்த வண்டு.

சீட்டுக் கழிவு போகக் கையில்
முப்பத்து நாலாயிரத்து அறுநூறு.

சின்ன அம்ப் ஒன்றை எடுத்து வைத்தார்.
இருநூறு வாட்ஸ் என்று தங்க எழுத்து.
கூட வந்த அடப்டரைத் திருப்பிப் பார்த்தேன்:
பன்னிரண்டு வோல்ற், மூன்று அம்பியர்.
“பெருக்கத் தெரியாதவளுக்கோ விக்கிறீங்கள்?”
சிரித்தார். விலை இரண்டாயிரம் இறங்கியது.

மற்றது பழைய ஜப்பான் அம்ப், ஓராள் பாரம்.
சத்தத்தைக் கூட்டினால் இடப்பக்கம் கரகரத்தது.
வாங்கலாம், திறந்து துடைக்கலாம்.
என் மேசையில் ஏற்கெனவே திறந்து கிடப்பவை பதினொன்று.

பிறகு ஸ்பீக்கர்.
பலாப்பழம் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தேன்.
முதல் சோடி வெறும் பெட்டி.
இரண்டாவது, நாலு இஞ்சி, கறுப்பு, மூலை தேய்ந்தது,
தூக்கினால் காந்தம் கையை இழுத்தது.
“எத்தினை ஓம்?”
“ஆறு ஓம்.”
கைப்பையிலிருந்து மீற்றரை எடுத்து வைத்தேன்.
ஐந்து தசம் நாலு. ஆறுக்கு அது சரிதான்.
ஆறுதரம் ஓம் சொன்ன ஒருத்தரை
மீற்றர் இல்லாமல் நம்பினது வேறை கதை.

பாட்டுப் போடப் போனார்.
“பாட்டு வேண்டாம், ஆரும் கதைக்கிறதைப் போடுங்கோ.”
யோசித்துவிட்டுத் தன் மகளைப் போட்டார்:
‘வாப்பா, வரக்குள்ள கொம்பாஸ் பெட்டி.’
மூச்சு தனியாக, சொல் தனியாகக் கேட்டது.
“பிள்ளைக்குத் தடிமன்” என்றேன்.
“ஓம்” என்றார்.
ஏழாவது ஓம்.
காசைக் கொடுத்தேன்.

மாங்குளத்தில் பஸ் மாறி,
மடியில் ஒன்று, காலுக்கிடையில் ஒன்று.

வீட்டில் பூட்டிக் கொம்பியூட்டரைப் போட்டால்
ம்ம்ம்ம்ம்.
மோட்டர் ஒன்றும் ஓடவில்லை, ஆனாலும் ம்ம்ம்.
சுவரிலிருந்து தள்ளி வைத்தேன்,
சைக்கிள் ரியூப் வெட்டி அடியில் கொடுத்தேன்.
போகவில்லை.
வீட்டுத்திட்டத்து வயரிங். பச்சை வயர்
சுவருக்குள் போகிறது, வெளியே எங்கும் வரவில்லை.

ஊருக்கெல்லாம் ஏர்த் அடிக்கச் சொல்பவள் வீட்டில்
ஏர்த் இல்லை.

மத்தியானம் அலவாங்கை எடுத்துக்கொண்டு
பின்பக்கம் போனேன்.
இந்தக் காணிக்குத் துப்புரவு செய்த கடிதம் இருக்கிறது,
மூன்று கையெழுத்து, அலுமாரியில்.
ஆனாலும் முதல் குத்தை மெதுவாகத்தான் குத்தினேன்.
இரண்டடி ஆழத்தில்
எதிலோ நின்றது.

பக்கத்தில் கிளறிய கோழியைத் துரத்தினேன்.
கையால் மண்ணை விலக்கினேன்,
குந்தியிருந்து, விரலால், ஓரத்திலிருந்து உள்நோக்கி.
யாரும் சொல்லித் தரவில்லை. கை அறிந்திருந்தது.

பாலை வேர்.

ஒரு முழம் தள்ளிச் செப்புக் கம்பியை இறக்கினேன்.
கரி, உப்பு, இரண்டு வாளி தண்ணி.
உள்ளே போய் ஆளியைப் போட்டேன்.
அம்பின் நீல லைற் எரிகிறது,
சத்தம் இல்லை.
பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன்,
அவ்வளவு சத்தம் இல்லை.

முத்தையன்கட்டிலிருந்து வந்திருந்ததைப் போட்டேன்.
மோட்டர். அதற்குப் பின்னால் தண்ணி விழுகிறது.
அதற்கும் பின்னால் ஒரு மயில்,
யாரோ ஒரு பெண் “கயிறை விடாதை” என்கிறாள்.
எல்லாவற்றுக்கும் அடியில், மெல்ல,
பல் கடிப்பதுபோல் ஒன்று.
“பேரிங் போச்சுது. நாளைக்குக் கழட்டிக் கொண்டு வாங்கோ.”

கடைக் கொப்பியில் எழுதினேன்:
ஆயுதச் செலவு, ஸ்பீக்கர் சோடி, அம்ப், வயர்.
‘ஆயுத’ என்பதை வெட்டிவிட்டு
‘சாமான்’ என்று திருத்தினேன்.

இரவு பத்தரைக்குமேல் கதவைச் சாத்தி
நான் கேட்டதை
ஒரு கணக்கிலும் எழுதவில்லை.
பாஸைக் கொஞ்சம் கூட்டினேன்.