வாலில்லாதது

வண்ணார்பேட்டையில் வாங்கினோம்,
காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில்
நானூறு ரூபாய் ஹாம்ஸ்டர்.
வரும் வழியில் பாளை மார்க்கெட்டில்
எலிப்பசை அட்டை ரெண்டு.
பஸ்ஸில் என் மடிமேல்
எல்லாம் ஒரே பை.

"எலிதாம்லா இது, வால் வெட்டுன எலி"
என்றாள் மாடிவீட்டு எமிலி.
ரெஜின் அழப் பார்த்தான்.
பிறகு மரத்தூள் பரப்பி
தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாய்க் கட்டி
"பயப்படும், ரெண்டு நாள் தொடக்கூடாதும்மா" என்று
கூண்டுக்கு என் துப்பட்டாவைப் போர்த்தினான்.
என்னைக் கேட்கவில்லை.

சித்திரை. மொட்டைத்தளம் கொதிக்கிறது.
உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக்
கூண்டோரம் வைக்கிறேன்.
எனக்கு இப்படி யாரும் வைத்ததில்லை.

பகலெல்லாம் உருண்டையாய்த் தூக்கம்.
ஹைகிரவுண்டில் நைட் டூட்டி முடித்துவந்தால்
நானும் அப்படித்தான்.
லீவு ராத்திரியில் உறக்கம் வராது.
மணி ரெண்டுக்குச் சக்கரம் கிரீச்சிட
எழுந்துபோய் ஒரு கம்புமணி நீட்டினேன்.
வாங்கியது. தின்னவில்லை.
கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டது.
இன்னொன்று, இன்னொன்று,
மாசக் கடைசி தெரிந்ததுபோல்.

சிங்க்குக்கு அடியில் பிறாண்டும் சத்தம்.
சக்கரம் நின்றது.
சிங்க்குக்கு அடியிலும் நின்றது.
நடுவில்,
சாயங்காலம் நான் விரித்துவைத்த பசை அட்டை
லைட்டு வெளிச்சத்தில் மினுங்குகிறது.
என் கையில் இன்னும் நாலு கம்புமணி.

மடக்கி அலமாரி மேலே போட்டேன்.
அரிசிப்பையில் ஓட்டை விழுந்தால்
திரும்ப எடுத்தால் போச்சு.